மோட்லராய்ட்: ஓர் ஓடையும் இரண்டு மாநிலங்களும்

கேள்வி இதுதான். ஐம்பது பேர்கூட இல்லாத மோட்லராய்ட் என்ற ஜெர்மன் கிராமம் எப்படி இரண்டு மாநிலங்களில் கிடக்கிறது? அதன் நடுவே சுவர் ஏன் வந்தது? சுவரை இடித்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஏன் இன்னும் அது ஒரே ஊராகவில்லை?

பொதுவாகக் கிடைக்கும் பதில், போர் முடிந்ததும் அமெரிக்கரும் ரஷ்யரும் ஊரைப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்பது. அது பாதிதான் சரி. ஊரின் நடுவே எல்லைக்கோடு அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. 1945இல் யாரும் மோட்லராய்ட்டுக்கு வந்து புதிதாகக் கோடு கிழிக்கவில்லை. யாருக்கும் தொந்தரவு தராமல் கிடந்த பழைய கோட்டுக்குப் புதிய வேலை கொடுத்தார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் கேள்வியின் மூன்று பகுதிகளுக்கும் விடை ஒரே நூலில் கோத்துவரும்.

முதலில் இடம். ஜெர்மனியின் வரைபடத்தில் பவேரியாவின் வடகிழக்கு மூலையைப் பாருங்கள். ஹோஃப் நகரத்துக்கு வடக்கே, பவேரியா, துரிங்கியா, சாக்சனி ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் புள்ளியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் ஊர் இருக்கிறது. மியூனிக்கையும் பெர்லினையும் இணைக்கும் ஏ9 நெடுஞ்சாலை மேற்கே கொஞ்ச தூரத்தில் போகிறது. கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் உயரம். மலை என்று சொல்ல முடியாது. அலையலையாக ஏறி இறங்கும் மேட்டு நிலம். மேடுகளில் ஊசியிலை மரக் காடுகள், சரிவுகளில் வயல், தாழ்வில் புல்வெளி, அதன் அடியில் ஒரு நீரோட்டம் என்ற வரிசை எல்லாப் பள்ளத்தாக்கிலும் திரும்பத் திரும்ப வரும். ஹோஃப் வட்டாரத்துக்குப் 'பவேரியாவின் சைபீரியா' என்று பட்டப்பெயர் உண்டு. குளிர்காலம் நீளம், மண்ணின் ஆழம் குறைவு, கல் அதிகம். கோதுமையைவிட ரை, ஓட்ஸ், உருளைக்கிழங்கு, மாட்டுத் தீவனப் புல் ஆகியவற்றுக்கு ஏற்ற நிலம். இங்கே பெரிய கிராமங்கள் வளராததற்கு இது முதல் காரணம். 'ராய்ட்' என்று முடியும் ஊர்கள், இடைக்காலத்தில் காட்டை வெட்டித் திருத்திக் குடியேறியவை. பைராய்ட் நகரமும் அப்படிப் பிறந்ததுதான். மோட்லராய்ட் அந்த வரிசையில் மிகச் சிறியது: நாலைந்து பண்ணைவீடுகள், ஆலை, ஒரு குளம் என்று தொடங்கி அதற்குமேல் அதிகம் பெருகாத ஊர்.

ஊரின் நடுவே ஓடுவது டான்பாஹ் என்ற ஓடை. ஆறு என்று கற்பனை செய்ய வேண்டாம். கோடையில் பெரியவர் ஒருவர் காலை அகட்டி வைத்தால் தாண்டிவிடலாம். இது மேற்கே போய் ஹிர்ஷ்பெர்க் அருகே சாலே ஆற்றில் சேர்கிறது. சாலே எல்பேயில் சேர்ந்து வட கடலுக்குப் போகிறது. பவேரியாவுக்கும் துரிங்கியாவுக்கும் இடையிலான எல்லை இந்தப் பகுதியில் சாலே ஆற்றோடு வந்து, பிறகு டான்பாஹ் ஓடையைப் பிடித்துக்கொண்டு கிழக்கே ஏறுகிறது. கற்கள் நட்டு, அளவெடுத்து, வரைபடம் வரையும் பழக்கம் பரவுவதற்கு முன் ஐரோப்பியப் பிரபுக்கள் தங்கள் நிலத்தைப் பிரித்துக்கொண்ட வழி இதுதான். ஓடை எல்லோர் கண்ணுக்கும் தெரியும், நகராது, சாட்சி தேவையில்லை. ஆனால் குடியேறுகிறவர்களுக்கும் அதே ஓடைதான் வேண்டும். தண்ணீர் அங்கே, ஆலை ஓட்டும் விசை அங்கே, புல்வெளி அங்கே. பிரபு ஓடையை ஓரமாகப் பார்த்தார், குடியானவர் ஓடையை நடுவாகப் பார்த்தார். ஊர் இருகரையிலும் வளர்ந்ததற்கும் எல்லை ஊருக்குள் ஓடியதற்கும் காரணம் ஒன்றே.

ஓடைக்குத் தெற்கே பைராய்ட் மார்கிரேவ் என்ற சிற்றரசரின் நிலம். வடக்கே ராய்ஸ் குடும்பத்தின் நிலம். ராய்ஸ் குடும்பத்தில் பிறந்த ஆண்கள் எல்லோருக்கும் ஹைன்ரிஷ் என்றே பெயர். எண்ணைக் கொண்டுதான் பிரித்தறிய வேண்டும். இந்த வட்டாரத்தின் பழைய ஆவணங்களைப் படிக்கப் போகிறவர்கள் முதலில் சிக்கிக்கொள்ளும் இடம் இது. ஒரே நூற்றாண்டில் பல கிளைகளில் பல ஹைன்ரிஷ்கள் இருப்பார்கள். எண்ணோடு கிளையின் பெயரையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் ஆளே மாறிவிடும்.

பிறகு தெற்குப் பக்கம் வேகமாகக் கைமாறியது. 1790களின் தொடக்கத்தில் பைராய்ட் பிரஷ்யாவுக்குப் போயிற்று. நெப்போலியனிடம் பிரஷ்யா தோற்றபின் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1810இல் நெப்போலியன் அதை 15 மில்லியன் ஃபிராங்குக்குப் பவேரிய அரசுக்குக் கொடுத்தார். அதே 1810இல்தான் டான்பாஹ் கரையில் புதிய எல்லைக்கற்கள் நடப்பட்டன. ஒரு பக்கம் பவேரிய முடியரசைக் குறிக்கும் எழுத்துகள், மறுபக்கம் ராய்ஸ் சிற்றரசைக் குறிக்கும் எழுத்துகள். ஊர் இரண்டான ஆண்டு எது என்று யாராவது கேட்டால், இரண்டு ஜெர்மனிகள் உருவான 1949ஐயோ பெர்லின் சுவர் எழுந்த 1961ஐயோ சொல்வதைவிட, சட்டப்படி கல்லில் பொறித்த ஆண்டு 1810 என்பதே என் விடை.

அந்தக் கற்கள் நட்டபின் நூற்றுமுப்பத்தைந்து ஆண்டுகள் ஊரில் பெரிதாக எதுவும் மாறவில்லை. வரி இரு வேறு கஜானாவுக்குப் போயிற்று, அவ்வளவுதான். பள்ளிக்கூடமும் மதுக்கடையும் வடகரையில் இருந்தன. தென்கரைப் பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள், தென்கரை ஆண்களும் அங்கேதான் மாலையில் உட்கார்ந்தார்கள். தேவாலயம் பவேரியப் பக்கத்து டோப்பன் கிராமத்தில். வடகரைக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமை ஓடையைத் தாண்டி அங்கே போனார்கள். கல்யாணம், பங்காளி உறவு, நிலம் எல்லாம் ஓடையின் இருபுறமும் பின்னிக்கிடந்தன. முதல் உலகப் போர் முடிந்து மன்னர்கள் போனதும் தென்கரை பவேரியக் குடியரசின் பகுதியாயிற்று. ராய்ஸ் நிலம் வேறு சில சிற்றரசுகளோடு சேர்ந்து 1920 மே 1 முதல் துரிங்கியா என்ற மாநிலமாயிற்று. நாட்டெல்லையாக இருந்த கோடு மாநில எல்லையாகத் தணிந்தது. அப்படியே விட்டிருந்தால் இன்று இந்த ஊரைப் பற்றிக் கேட்க ஆளிருந்திருக்காது.

கோடு உயிர்பெற்ற இடம் லண்டன். போர் முடியும் முன்பே, 1944 செப்டம்பர் 12 அன்று, அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் ஒன்றியம் மூன்றும் லண்டனில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. தோற்ற ஜெர்மனியை ஆக்கிரமிப்பு மண்டலங்களாகப் பிரிப்பது பற்றியது அது. சண்டை எங்கே முடியும் என்று யாருக்கும் தெரியாத நேரம். ஆகவே புதிய கோடுகளுக்குப் பதில் ஏற்கெனவே இருந்த மாநில, மாகாண எல்லைகளையே மண்டல எல்லைகளாக எடுத்துக்கொண்டார்கள். துரிங்கியா சோவியத் மண்டலம், பவேரியா அமெரிக்க மண்டலம். பேசியவர்களில் ஒருவருக்கும் டான்பாஹ் என்ற ஓடை இருப்பதே தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பகுதிக்கு அவர்கள் எழுதியது 'பவேரியாவின் வட எல்லை' என்று மட்டுமே. ஆனால் அந்த வட எல்லை ஒரு குளத்தங்கரையில் போகிறது என்பது அந்தச் சொற்களுக்குள்ளேயே அடங்கியிருந்தது.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படைதான் துரிங்கியாவுக்கும் முதலில் வந்தது. ஜூலை தொடக்கத்தில் லண்டன் உடன்பாட்டின்படி அது பின்வாங்கியது, சோவியத் படை உள்ளே வந்தது. இந்த மூன்று மாத இடைவெளி பலரைக் குழப்புகிறது. அமெரிக்கர் பிடித்த இடம் எப்படி ரஷ்யருக்குப் போயிற்று என்றால், பிடித்தவர் யார் என்பதை வைத்து மண்டலம் தீர்மானிக்கப்படவில்லை.

'ஒரு சின்னக் கிராமம்தானே, அப்போதே கோட்டை ஒரு கிலோமீட்டர் நகர்த்தியிருக்கக் கூடாதா' என்பது நியாயமான கேள்வி. வேறோர் இடத்தில் நகர்த்தினார்கள். 1945 செப்டம்பர் 17 அன்று வான்ஃப்ரீட் என்ற ஊரில் அமெரிக்க, சோவியத் தளபதிகள் கையெழுத்திட்டு ஹெஸ்ஸே மாநிலத்துக் கிராமங்கள் சிலவற்றையும் துரிங்கியாவின் கிராமங்கள் சிலவற்றையும் மாற்றிக்கொண்டார்கள். காரணம் மக்களல்ல, ரயில். அமெரிக்க மண்டலத்தை வடகடல் துறைமுகத்தோடு இணைக்கும் ரயில்பாதை சில கிலோமீட்டர் சோவியத் மண்டலத்துக்குள் போயிற்று. அது தடைபட்டுக்கொண்டே இருந்தது. மோட்லராய்ட்டில் ரயிலும் இல்லை, சுரங்கமும் இல்லை, படைக்குத் தேவையான சாலையும் இல்லை. யாருக்கும் வேண்டாத ஊராக இருந்ததால் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

1949இல் இரண்டு ஜெர்மனிகள் உருவாயின; மே மாதம் மேற்கில் கூட்டாட்சிக் குடியரசு, அக்டோபர் 7 அன்று கிழக்கில் ஜனநாயகக் குடியரசு. (இங்கிருந்து தென்கரையை மேற்கு என்றும் வடகரையைக் கிழக்கு என்றும் சொல்கிறேன். திசைகாட்டியில் பார்த்தால் பொருந்தாது; அரசியலில் பொருந்தும். ஊரில் முதன்முதலாக நிற்பவர்கள் 'கிழக்கு' வடக்கே இருப்பதைப் பார்த்துத் தடுமாறுவது வழக்கம்.) ஆனாலும் 1952 வரை அனுமதிச்சீட்டை வைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டலாம். மறுகரையில் நிலமுள்ளவர்கள் போய் உழுதுவிட்டு வந்தார்கள்.

உண்மையான வெட்டு 1952 மே 26 அன்று விழுந்தது. கிழக்கு ஜெர்மன் அமைச்சரவை அன்று எல்லை முழுவதற்கும் மூன்று அடுக்குகளை விதித்தது. எல்லையை ஒட்டி 10 மீட்டர் அகலத்துக்கு உழுது, கால்தடம் தெரியும்படி சீவிவைத்த பட்டை. அதில் காலடி வைப்பவரைச் சுடலாம். அதை அடுத்து 500 மீட்டர் பாதுகாப்புப் பட்டை. அதற்குப் பின்னால் 5 கிலோமீட்டர் தடை மண்டலம். இந்த எண்களை ஊரின் அளவோடு வைத்துப் பார்த்தால்தான் அர்த்தம் புரியும். கிழக்கு மோட்லராய்ட் முழுவதும் 500 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. வேறு ஊர்களில் ஓரத்து வீடுகள் மட்டும் மாட்டிக்கொண்டன; இங்கே ஊர் தப்பிக்க இடமே இல்லை. பட்டைக்குள் பொழுது விடிந்தபின் பொழுது சாயும் வரைதான் வெளியே நடமாடலாம். விருந்தினர் வர முன்கூட்டியே அனுமதிச்சீட்டு வேண்டும். கிழக்கு ஜெர்மனிக்குள்ளேயே பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் அக்காளுக்கும் தம்பிக்கும் அதே விதி. அடையாள அட்டையில் தனி முத்திரை. கூட்டம் கூட முடியாது. மேற்கே பார்த்துக் கையசைப்பதும் வணக்கம் சொல்வதும் குற்றம். எதிர்க்கரையில் நிற்பது சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும்.

விதியை அறிவித்த சில நாட்களுக்குள், ஜூன் மாதத்தில், நம்பத்தகாதவர்கள் என்று கருதப்பட்டவர்களை எல்லை மண்டலத்திலிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றினார்கள். எல்லை நெடுகிலும் 8,000க்கும் மேற்பட்டவர்கள் இப்படி வீடிழந்தார்கள். இந்த நடவடிக்கைக்கு அதிகாரிகள் வைத்த பெயர் 'தொல்லைதரும் பூச்சிகள்' என்ற பொருள் தரும் சொல். யார் பட்டியலில் இருக்கிறார் என்பது விடியற்காலையில் லாரி வாசலில் நிற்கும்போதுதான் தெரியும். மோட்லராய்ட்டிலும் கிழக்குக்கரைக் குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. ஓடையை ஒட்டியிருந்த ஆலையும் பின்னர் இடிந்து அடித்தளமாக மிஞ்சியது.

தடுப்புகள் ஒரே நாளில் வரவில்லை. ஒவ்வொன்றும் முந்தியதன் ஓட்டையை அடைக்க வந்தது. 1952இல் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பலகை வேலி வந்தது. அது பார்வையை மறைத்ததே தவிர, நெஞ்சுரம் உள்ளவரைத் தடுக்கவில்லை. மழையிலும் பனியிலும் மரம் உளுத்தது. பிறகு முள்கம்பி வேலிகள். கம்பியினூடே எதிர்க்கரை தெரியும், பேசலாம், பொருளை வீசலாம். 1966இல் கான்கிரீட் சுவர்: உயரம் 3.3 மீட்டர், நீளம் சுமார் 700 மீட்டர். இரு ஜெர்மனிகளுக்கும் இடையே 1,393 கிலோமீட்டர் எல்லையில் பெரும்பகுதி உலோகவலை வேலிதான்; வீடுகள் எல்லையை உரசிக்கொண்டிருந்த சில இடங்களில் மட்டும் சுவர் கட்டினார்கள். வேலி ஓடுபவரைத் தடுக்கும், சுவர் கண்ணையும் தடுக்கும். வண்டியை மோதி உடைப்பதும் கடினம். அமெரிக்கப் படைவீரர்கள் இதைப் பார்த்துவிட்டு ஊருக்குக் 'குட்டி பெர்லின்' என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். சுவர்தான் எல்லை என்று படங்களைப் பார்ப்பவர்கள் நினைத்துவிடுகிறார்கள். எல்லை ஓடையில். சுவர் அதிலிருந்து தள்ளி, கிழக்கு நிலத்துக்குள் நிற்கிறது. இடைப்பட்ட புல் துண்டும் கிழக்கு ஜெர்மனிதான். ஆகவே மேற்கிலிருந்து வந்து ஓடையைத் தாண்டி நின்று படமெடுத்தவர், சுவருக்கு இன்னும் பல அடி இருக்கும்போதே வேற்று நாட்டுக்குள் நுழைந்தவராகிவிடுவார்; சுவரிலிருந்த சிறு கதவு வழியே காவலர்கள் வந்து பிடிக்கலாம். மேற்குப் பக்கத்தில் எச்சரிக்கைப் பலகைகள் ஓடைக்கரையிலேயே இருந்ததற்கு இதுதான் காரணம்.

சுவருக்குப் பின்னால், கிழக்கு நோக்கிப் போனால், அடுக்குகள் இந்த வரிசையில் வரும்: வண்டிகளை நிறுத்தும் பள்ளம், சீவிவைத்த கட்டுப்பாட்டுப் பட்டை (பிற்காலத்தில் அகலம் 6 மீட்டர்), துளையிட்ட கான்கிரீட் பலகைகள் பதித்த ரோந்துப் பாதை, விளக்குக் கம்பங்கள், காவல் கோபுரம், அதற்கும் பின்னால் தொட்டால் காவல் நிலையத்தில் ஒலியெழுப்பும் மின்கம்பி வேலி. பள்ளத்தின் அமைப்பைக் கவனித்தால் முழுக் கதையும் விளங்கும். செங்குத்தான, கான்கிரீட் பூசிய முகம் மேற்குப் பக்கம். சாய்வான முகம் கிழக்குப் பக்கம். மேற்கிலிருந்து வரும் வண்டி ஒன்றும் தடைபடாது. கிழக்கிலிருந்து வரும் வண்டிதான் செங்குத்தில் முட்டி நிற்கும். பகைவரைத் தடுக்க என்று அரசு சொன்ன தடுப்பு யாரை நோக்கிக் கட்டப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ரோந்துப் பாதையின் துளைகளில் புல் முளைக்க விட்டார்கள். எடை தாங்கும், நீர் தேங்காது, வேகமாகப் பதிக்கலாம். இன்றும் அந்தப் பலகைகளே பழைய எல்லையைத் தேடுபவர்களுக்குக் கிடைக்கும் முதல் அடையாளம்.

இவ்வளவு அடுக்குகளையும் மீறி 1973 மே மாதத்தில் ஓர் ஓட்டுநர் வண்டியில் சுவர் வரை வந்து, கொண்டுவந்த ஏணியைச் சாத்தி ஏறி மேற்கே குதித்துவிட்டார். தடுப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பட்டைக்குள் வர அனுமதி உள்ளவருக்கு வெளி அடுக்குகள் இல்லாததற்குச் சமம் என்பது அந்தச் சம்பவத்தில் வெளிப்பட்டது. யாருக்கு முத்திரை கொடுப்பது என்பதில் அதிகாரிகள் காட்டிய கண்டிப்புக்கு அடிப்படையும் அதுவே.

1972 டிசம்பரில் இரண்டு ஜெர்மனிகளும் அடிப்படை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் எல்லை மாவட்டத்து மேற்கு ஜெர்மானியர்கள் எதிர்ப்பக்க மாவட்டங்களுக்குப் பகல்பயணம் போக வழி பிறந்தது. ஆனால் தடை மண்டலம் அதில் சேராது. மேற்கு மோட்லராய்ட்டில் இருப்பவர் விண்ணப்பித்து, சீட்டு வாங்கி, நெடுஞ்சாலைச் சோதனைச்சாவடி வழியே சுற்றிக்கொண்டு கிழக்கு ஜெர்மனிக்குள் போகலாம். உள்ளே ஒரு நகரத்தில் உறவினரைச் சந்திக்கலாம். கிழக்கு மோட்லராய்ட்டுக்கு மட்டும் போக முடியாது. சொந்த ஊரின் மறுபாதி, பார்க்க முடிந்தும் அடைய முடியாத இடமாகவே இருந்தது. 1983 பிப்ரவரியில் அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் ஜார்ஜ் புஷ் மேற்குக்கரையில் வந்து நின்று பார்த்தபோது உலகச் செய்திகளில் ஊரின் பெயர் வந்தது.

பாதி ஊராவது மிஞ்சியதே என்பதையும் சொல்ல வேண்டும். துரிங்கியாவின் தெற்கு எல்லையிலிருந்த பில்முட்ஹவுஸன் போன்ற கிராமங்களை, எல்லைக்கு மிக அருகில் இருந்தன என்பதற்காகவே, கடைசி வீடு வரை இடித்துவிட்டார்கள். அங்கே 1978இல் இடிப்பு முடிந்தது. கிழக்கு மோட்லராய்ட்டில் சில கட்டடங்கள் போயின, ஆனால் ஊர் நின்றது.

1989இல் நடந்ததை நாள்வாரியாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் 'பெர்லின் சுவர் விழுந்ததும் இங்கேயும் விழுந்தது' என்று பலர் எழுதுகிறார்கள். பெர்லினில் நவம்பர் 9. மோட்லராய்ட்டில் அடுத்த ஒரு மாதம் சுவர் அசையவில்லை. அங்கே சோதனைச்சாவடி எப்போதும் இருந்ததில்லை. மக்கள் கடக்க ஒரு வாயில்கூட இல்லாத இடத்தில் திறப்பு என்பது அதிகாரிகள் புதிதாக முடிவெடுத்துச் செய்ய வேண்டிய வேலை. டிசம்பர் தொடக்கத்தில் கிழக்குப் பக்கத்து மக்கள் மெழுகுவர்த்தியோடு கூடிக் கேட்டார்கள். டிசம்பர் 9 அன்று நடந்துபோக ஒரு வழி திறந்தது. முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் ஊர்க்காரர்கள் ஓடையைத் தாண்டினார்கள், அப்போதும் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு. 1990 ஜூன் 17 அன்று புல்டோசர் வந்து சுவரை உடைத்தது. முழுவதையும் உடைக்காமல் சுமார் 100 மீட்டரை நிற்க விட்டது முன்யோசனையுள்ள முடிவு. வேறு பல இடங்களில் கோபத்தில் எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு, பிறகு நினைவிடத்துக்காகக் கான்கிரீட் துண்டுகளைத் தேடிக் கொண்டுவந்து நட்டார்கள். இங்கே மிச்சம் இருப்பது அசல் இடத்திலேயே நிற்கிறது. இரு கரைகளையும் சேர்த்த ஓர் அருங்காட்சியகத்துக்கான சங்கமும் அதே 1990இல் உருவாயிற்று.

டிசம்பர் 9 அன்றே, சில கிலோமீட்டர் தெற்கே ஹோஃப் நகரில், இரு ஜெர்மனிகளின் இயற்கை ஆர்வலர்கள் சுமார் 400 பேர் கூடினார்கள். நாற்பது ஆண்டுகள் உழவும் உரமும் படாமல் கிடந்த எல்லைப் பட்டையில் அருகிவரும் பறவைகளும் தாவரங்களும் தஞ்சமடைந்திருப்பதைப் பறவை ஆய்வாளர்கள் முன்பே கணக்கெடுத்திருந்தார்கள். அதை அப்படியே காக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 'பசுமைப் பட்டை' என்ற பாதுகாப்புத் திட்டம் அங்கிருந்து பிறந்தது. துரிங்கியா தன் பகுதியை 2018இல் தேசிய இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தது. மோட்லராய்ட்டைச் சுற்றிய மூன்று மாநிலச் சந்திப்பின் ஓடைகள் சில, மத்திய ஐரோப்பாவில் அரிதாகிவிட்ட நன்னீர் முத்துச்சிப்பியின் புகலிடம். அதற்கு மிகத் தூய்மையான, சுண்ணாம்புச் சத்துக் குறைந்த, வண்டல் அடைக்காத ஓடைப்படுகை வேண்டும். கரையோரம் உழுதால் மண் வழிந்து படுகையின் இடுக்குகளை அடைத்துவிடும், குஞ்சுச் சிப்பிகள் மூச்சுவிட முடியாமல் சாகும். எல்லைக்காவல் தற்செயலாகத் தடுத்தது அந்த உழவைத்தான்.

இனிக் கேள்வியின் மூன்றாம் பகுதி. 1952இல் கிழக்கு ஜெர்மனி தன் மாநிலங்களைக் கலைத்து மாவட்டங்களாக்கியது. வடகரை கேரா மாவட்டத்தில் இருந்தது. 1990 அக்டோபரில் மாநிலங்கள் திரும்ப உயிர்பெற்றன, துரிங்கியாவும் வந்தது, அதோடு 1810இன் கோடும் மாநில எல்லையாகத் திரும்பியது. ஆகவே ஜெர்மனி இணைந்ததால் மோட்லராய்ட் 1920களின் நிலைமைக்குத் திரும்பியது என்பதே துல்லியம். அப்போதும் அது இரண்டு மாநிலங்களில்தான் இருந்தது.

மாற்ற முடியாது என்பதில்லை. ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, ஏழாம் உட்பிரிவு இதற்கு வழி சொல்கிறது: கைமாறும் பகுதியில் 50,000 பேருக்கு மேல் இல்லையென்றால், சம்பந்தப்பட்ட மாநிலங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்து எல்லையை நகர்த்தலாம்; அந்தப் பகுதியின் ஊராட்சிகளையும் மாவட்டங்களையும் கலந்து கேட்க வேண்டும். வாக்கெடுப்பு கட்டாயமில்லை. நடந்த எடுத்துக்காட்டும் உண்டு. எல்பே ஆற்றின் கிழக்குக் கரையிலுள்ள ஆம்ட் நாய்ஹவுஸ் வட்டாரம் 1945இல் சோவியத் மண்டலத்தில் சேர்க்கப்பட்டது. 1993 ஜூன் 30 அன்று அது மெக்லன்பர்க்கிலிருந்து பிரிந்து லோயர் சாக்சனிக்குத் திரும்பியது. அங்கே மக்களுக்கு ஒரு நியாயம் இருந்தது: போருக்கு முன் நாங்கள் ஹனோவர் (இன்றைய லோயர் சாக்சனி) பக்கம், எங்களைப் பழைய வீட்டுக்கு அனுப்புங்கள். மோட்லராய்ட்டுக்குத் திரும்பிப் போக அப்படியொரு பழைய வீடு இல்லை. வடகரை என்றைக்கும் பவேரியாவாக இருந்ததில்லை, தென்கரை என்றைக்கும் ராய்ஸாக இருந்ததில்லை. அதோடு, பிரிவே அந்த ஊரின் வரலாற்றுச் சான்றாகிவிட்டது. அதை அழிக்க எந்தப் பக்கமும் அவசரப்படவில்லை. இது சரியான போக்கு என்றே நினைக்கிறேன். நிர்வாகத் தொல்லைகளைத் தனித்தனி உடன்பாடுகளால் சமாளிக்கலாம், அழித்த எல்லையைத் திரும்ப உண்டாக்க முடியாது.

தொல்லைகள் இருக்கத்தான் செய்கின்றன. மோட்லராய்ட் தனி ஊராட்சி அல்ல. தென்கரை, ஹோஃப் மாவட்டத்து டோப்பன் ஊராட்சியின் பகுதி. வடகரை, சாலே-ஓர்லா மாவட்டத்து கெஃபெல் நகரத்தின் பகுதி. அஞ்சல் எண் ஒருபக்கம் 95183, மறுபக்கம் 07926. தொலைபேசிக் குறியீடு வேறு வேறு. எதிர்வீட்டுக்கு அழைக்க வெளியூர் எண் போடவேண்டும். கார் எண்பலகையில் ஒரு கரையில் ஹோஃபின் எழுத்துகள், மறுகரையில் சாலே-ஓர்லாவின் எழுத்துகள். இரண்டு மேயர்கள், இரண்டு மாநிலச் சட்டமன்றங்கள், இரண்டு கட்டட விதிகள், இரண்டு பள்ளிப் பாடத்திட்டங்கள். பவேரியாவில் ஜனவரி 6, கார்ப்பஸ் கிறிஸ்டி, நவம்பர் 1 ஆகியவை விடுமுறை. துரிங்கியாவின் இந்தப் பகுதியில் அவை வேலைநாள். துரிங்கியாவில் செப்டம்பர் 20 குழந்தைகள் நாளும் அக்டோபர் 31 சீர்திருத்த நாளும் விடுமுறை, பவேரியாவில் இல்லை. கோடைவிடுமுறையிலும் பொருத்தமில்லை: பவேரியா தன் விடுமுறையை ஆண்டுதோறும் ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோதான் தொடங்கும், துரிங்கியாவின் தேதிகள் மற்ற மாநிலங்களோடு சுழலும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து விளையாட எத்தனை வாரம் கிடைக்கும் என்பது ஆண்டுக்காண்டு மாறும். வணக்கம் சொல்வதிலும் தென்கரையில் 'க்ரூஸ் காட்', வடகரையில் 'கூட்டன் டாக்' என்ற வேறுபாடு காதில் விழும்.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பொதுப் போக்குவரத்தை நம்ப வேண்டாம். ஹோஃப் வரை ரயில், அங்கிருந்து கார் அல்லது சைக்கிள். வழிகாட்டிக் கருவியில் ஊர்ப்பெயரை மட்டும் இட்டால் இரண்டு முடிவுகள் வரும். அருங்காட்சியகத்துக்கு 95183 டோப்பன் என்ற பவேரிய முகவரியைத் தேர்ந்தெடுங்கள். வந்ததும் சுவரிடம் ஓடாமல் முதலில் ஓடையைக் கண்டுபிடியுங்கள், பிறகு எல்லைக்கற்கள், அப்புறம் ஓடைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட புல்வெளியின் அகலம், அதன்பின் சுவர், பள்ளம், ரோந்துப் பாதை, கோபுரம். இந்த வரிசையில் நடந்தால் 1810, 1952, 1966 மூன்றும் தனித்தனியாகத் தெரியும். மேட்டிலேறி வயல்களையும் பாருங்கள். கிழக்கில் 1960க்குள் நிலங்களைக் கூட்டுப்பண்ணையில் சேர்த்து வரப்புகளை அழித்துவிட்டார்கள். மேற்கில் குடும்பப் பண்ணைகள் தொடர்ந்தன. வடக்கே கண்ணுக்கெட்டும் வரை ஒரே நிறத்தில் விரியும் வயல், தெற்கே புதர்வேலியும் துண்டு நிலங்களுமாக இருக்கும். குளிர்காலத்தில் போனால் பனி இந்த வேறுபாட்டை மூடிவிடும். மே மாதத்திலிருந்து ஜூலை வரை, பயிர்கள் வெவ்வேறு நிறத்தில் நிற்கும்போது, எல்லை மிகத் தெளிவாகத் தெரியும்.